தோளில் திரிந்த மருந்து

சோப்பு என்றால் துணி துவைக்கிற சாமான் என்று மட்டும் தெரிந்த பிள்ளைகள் மருந்துக் கம்பெனி லேபுக்கு வேலைக்கு வருகிறார்கள். பட்டம் இருக்கிறது. கேட்டால் முழிக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது இருக்கும் ஒரு பெண் போன மாதம் என்னை போனில் கூப்பிட்டாள். எங்கள் வலி ஜெல் டியூபில், கிருமிநாசினி பட்ட தோலை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே தடவ வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதை எடுத்துவிடலாமா என்று மேலே கேட்கிறார்களாம். இந்த வரி எதற்கு மேடம் என்றாள். அந்தக் கட்டிடம் முழுக்க விசாரித்தாளாம், ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். எனக்குச் சுள்ளென்று வந்தது. போனில் திட்டி முடித்த பிறகு, திட்டினால் மட்டும் போதாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் சாத்தான்குளம். வேதியியல் படித்தேன். வீட்டில் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னார்கள். பிள்ளைகளை அடித்துவிடுவேன் என்று தெரிந்ததால் போகவில்லை. தூத்துக்குடிக்கு வெளியே மாப்பிள்ளையூரணியைத் தாண்டி ஒரு சின்ன மருந்துக் கம்பெனி. அதில் தரக்கட்டுப்பாட்டு லேபில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குடுவை கழுவினேன், எடை போட்டேன், திட்டு வாங்கினேன், திட்டக் கற்றுக்கொண்டேன்.

லேபுக்குத் தலைவர் பொன்ராஜ் சார், நாசரேத்துக்காரர். அவருக்குச் சத்தம் போட வராது. கேள்வி கேட்டே ஆளைக் கொல்வார். சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்திருப்பார், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. எந்தக் கரைசலை நீட்டினாலும் குடுவைக்குப் பின்னால் அந்த அட்டையைப் பிடித்துப் பார்ப்பார். வெள்ளைத் தூசி கறுப்புக்கு முன்னால்தான் தெரியும், கறுப்புத் தூசி வெள்ளைக்கு முன்னால்தான் தெரியும். இரண்டு பக்கமும் பார்க்காமல் தெளிவாக இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. ‘நல்லா இருக்கு’, ‘கெட்டுப் போச்சு’ என்ற பேச்சுக்கே லேபில் இடமில்லை.

“நல்லா இருக்குன்னு உன் மாமியார் வைக்க சாம்பாரைச் சொல்லு. இங்கன கண்ணு என்ன பாத்துச்சோ அதைச் சொல்லு” என்பார்.

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அது தெரிந்துதான் சொல்லுவார். வருடக்கணக்கில் அந்த மனுஷன் மேல் எரிச்சலோடுதான் வேலை பார்த்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் ஒருநாளும் வீட்டுக்குப் போக முடிந்ததில்லை. விடை அவருக்கு வேண்டும் என்பதைவிட எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. அதுதான் அவர் எனக்குச் செய்த கெடுதல்.

எங்கள் கம்பெனியில் அதிகம் விற்றது வீக்கத்துக்கும் வலிக்கும் தடவுகிற ஜெல். அதில் உள்ள மருந்து அப்படியே போட்டால் தண்ணீரில் கரையாது. சோடியம் உப்பாக மாற்றினால் கரையும். அப்போது அதன் ஒவ்வொரு மூலக்கூறும் எதிர்மின்சுமையோடு தண்ணீரில் நிற்கும். ஜெல்லைக் கெட்டியாக வைத்திருக்கிற பொருளுக்கும் அதே எதிர்மின்சுமைதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் தானாக விளங்கும்.

ஒருநாள் விற்பனைப் பிரிவு மேலாளர் பாதி காலியான டியூப்கள் சிலவற்றை என் மேசையில் கொட்டினார். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் ஜெல்லைத் தோளில் தேய்த்தால் வெள்ளை வெள்ளையாகத் திரிகிறதாம், வலியும் குறையவில்லையாம். அவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். அங்கே மருந்துக்கடை வைத்திருக்கிற முத்துவேல் என்பவர் கள்ளச் சரக்கு வாங்கி எங்கள் பெயரில் விற்கிறார். லேபிலிருந்து ஒரு அறிக்கை கிடைத்தால் போதும், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் புகார் போய்விடும், லைசென்ஸ் ரத்து. இதைச் சொல்லும்போது அந்த ஆளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

டியூப்களைச் சோதித்தேன். நிறம், மணம், அமிலத்தன்மை, கெட்டித்தன்மை, மருந்தின் அளவு எல்லாம் பார்த்தேன். நாங்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் எடுத்து வைக்கிற மாதிரியோடு எந்த வித்தியாசமும் இல்லை. அது எங்கள் சரக்கு. சார் முடிவுகளைப் பார்த்தார்.

“மருந்து சரியா இருக்கு. அப்போ திரிஞ்சது பொய்யா?”

“பொய் சொல்ல அவங்களுக்கு என்ன வந்துச்சு, சார்?”

“அப்போ திரிய வை.”

அவ்வளவுதான் சொன்னார். நான் திரிய வைக்க உட்கார்ந்தேன். கடலில் இறங்குகிற ஆள்கள், உடம்பில் உப்பு இருக்கும் என்று கடல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதில் ஜெல்லைக் குழைத்தேன். உப்புப் பட்டதும் ஜெல் இளகித் தண்ணீராக ஓடியது. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது, ஆனால் வெள்ளைத் துகள் வரவில்லை. வியர்வை மாதிரி ஒரு கரைசல் செய்தேன், வரவில்லை. குளிக்கிற சோப்பு, தேங்காய் எண்ணெய் இரண்டும் போட்டுப் பார்த்தேன், அவற்றிலும் வரவில்லை. என் கையிலேயே தேய்த்துத் தேய்த்து முழங்கை வரைக்கும் மருந்து வாடை.

கடைக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். முத்துவேல் அண்ணாச்சி ஒல்லியான ஆள், பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. சூசை என்று ஒரு சங்கு குளிக்கிறவர், தெருவே கேட்க அவரைக் கள்ள மருந்து விற்கிறவன் என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு காய்ச்சல் மாத்திரை வாங்கக்கூட ஆள் வருவதில்லை. வாங்கிய பில் எல்லாம் எடுத்துக் காட்டினார். சரக்கு எங்கள் ஏஜென்ட்டிடம் வாங்கியதுதான்.

“லைசென்ஸ் போனா பலசரக்குக் கடை வச்சுப் பிழைச்சுக்கிடுவேன் மேடம். நோயாளிக்குக் கள்ள மருந்து குடுத்தவன்னு பேர் வாங்கினவன் எங்கன போய் எதை வச்சாலும் எவன் வாங்குவான்?”

நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். சூசை எங்கே இருப்பார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கரைக்குப் போனேன்.

வள்ளம் அப்போதுதான் வந்திருந்தது. மூச்சுக்குக் காற்று வருகிற கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் இறங்கி, பார் என்கிற கடலடிப் பாறை ஓரமெல்லாம் தடவிச் சங்கு எடுத்துவிட்டு வந்தவர்கள். முட்டியிலும் கையிலும் பார் கிழித்த கோடுகள். சூசைக்கு என்னைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

“கள்ள மருந்து விக்கவனுக்குப் பரிஞ்சு பேச வந்தியளோ?”

“யாருக்கும் பரிஞ்சு பேச வரல. நீங்க எப்படித் தேய்க்கியன்னு பாக்கணும்.”

“வலிக்க இடத்துல தேய்க்கேன். இதுல பாக்க என்ன இருக்கு?”

“தேயுங்க, பாக்கேன்.”

பின்னால் நின்ற ஒருத்தர், “ஏலே சூசை, மாப்பிள்ளை பாக்க வந்திருக்காவ, கொஞ்சம் நிமிந்து நில்லுலே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சூசையும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் உடனே தேய்க்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். மற்றவர்களும் அதையே செய்தார்கள். வள்ளத்தில் ஒரு வாளி இருந்தது. அதில் மஞ்சள் நிறத்தில் தண்ணீர். ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு மக் எடுத்துத் தோள், முதுகு, முட்டி எல்லாம் வழிய விட்டார்கள். துடைக்கவில்லை. காற்றில் அப்படியே காயவிட்டார்கள்.

இது என்ன என்று கேட்டேன். கிருமிநாசினி. முன்னால் ஒருத்தருக்குப் பாரில் கிழித்த காயம் சீழ் பிடித்து, ஒரு பருவம் முழுக்கக் கடலுக்கு வர முடியாமல் போயிருக்கிறது. அதிலிருந்து வள்ளக்காரர் ஒரு சட்டம் போட்டுவிட்டார். மஞ்சள் தண்ணீர் ஊற்றாமல் யாரும் கரை ஏறக் கூடாது. அதற்கு மேலே நல்ல தண்ணீர் ஊற்ற மாட்டீர்களா என்றேன். என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்த்தார்கள். வள்ளத்தில் நல்ல தண்ணீர் என்பது குடிக்கவும் தேத்தண்ணீர் போடவும் கொண்டுபோகிற கேன்தான். அதைக் குளிக்க ஊற்றுகிறவன் வள்ளத்தில் இருக்க முடியாது. வீட்டில் தெருக்குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் குளியல். தோள் அது வரைக்கும் பொறுக்காது. அதனால் ஜெல் கரையிலேயே தேய்க்கிறது.

சூசை டியூபைப் பிதுக்கித் தோளில் வைத்துத் தேய்த்தார். கண்ணாடி மாதிரி இருந்த ஜெல் அவர் உள்ளங்கைக்கு அடியில் வெளுத்து, நூல் நூலாகத் திரண்டு உதிர்ந்தது. எனக்கு என்னை மறந்துபோனது. அவர் கையைத் தள்ளிவிட்டு, தோளில் கிடந்த துகளை என் நகத்தால் வழித்து எடுத்துக் காகிதத்தில் மடித்தேன். வள்ளமே சிரித்தது.

“யக்கா, அவன் பொண்டாட்டி வீட்டுல இருக்கா, பாத்து.”

சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கிருமிநாசினிப் பாட்டிலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். போகிற போக்கில் ஒன்று சொன்னேன். அடியில் இருந்து ஏறின பிறகு மூட்டுக்குள் குடைகிற மாதிரி வலித்தால் அது ஆழத்தில் சுவாசித்த காற்று ரத்தத்தில் குமிழிடுவதாக இருக்கலாம், அதற்குக் களிம்பு தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எத்தனை பேர் காதில் விழுந்ததோ.

லேபுக்கு வந்து மருந்தை மட்டும் தண்ணீரில் கரைத்தேன். ஜெல் கலக்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடத்தில் புகை மாதிரி ஒரு வெள்ளை இறங்கியது. இன்னும் சில சொட்டு விட்டதும் குடுவை முழுக்கக் கலங்கியது. சாரைக் கூப்பிட்டேன். அவர் அட்டையின் கறுப்புப் பக்கத்தைப் பின்னால் பிடித்தார்.

“என்ன பாத்த?”

“பால் மாதிரி ஆயிருச்சு சார்.”

“பாலா ஊத்துன?”

“கலங்கல். வெள்ளைத் துகள். வச்சிருந்தா அடியில படியுது.”

“இன்னும் ஊத்து.”

ஊற்றினேன். கலங்கல் கூடியது. இன்னும் ஊற்றினேன். ஒரு கட்டத்துக்கு மேல் நம்ப முடியாத ஒன்று நடந்தது. கலங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கரைசல் மறுபடியும் தெளிந்துவிட்டது. சார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மனுஷன் கேள்வி கேட்காமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் மூன்று குடுவையில் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் கலங்கி, பிறகு தெளிந்தது. மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சோப்பு மாதிரிப் பொருள்களின் மூலக்கூறுக்கு ஒரு தலை உண்டு, ஒரு வால் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. குளிக்கிற சோப்பின் தலையில் எதிர்மின்சுமை. எங்கள் மருந்துக்கும் அதேதான், ஆகவே இரண்டும் ஒன்றை ஒன்று சீண்டாது. அந்த மஞ்சள் கிருமிநாசினியும் சோப்பு இனம்தான், ஆனால் அதன் தலையில் நேர்மின்சுமை. கிருமியைக் கொல்வதே அந்தத் தலைதான். மருந்தும் அதுவும் பார்த்துக்கொண்ட உடனே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் மின்சுமை சமமாகி, தண்ணீரில் நிற்க முடியாமல் வெள்ளையாக வெளியே வந்து விழுகின்றன. மருந்து இல்லாத வெறும் ஜெல்லில் மஞ்சள் தண்ணீரை விட்டும் பார்த்தேன். அதிலும் நூல் நூலாகத் திரண்டது. அப்படியானால் சூசையின் தோளில் திரிந்தது மருந்து மட்டுமில்லை, ஜெல்லும் சேர்ந்துதான்.

பிறகு ஏன் தெளிந்தது? கிருமிநாசினி அதிகமானால் அதன் மூலக்கூறுகள் வாலை உள்ளே ஒளித்து, தலையை வெளியே நீட்டி, சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேரும். விழுந்து கிடந்த மருந்தை அந்த உருண்டைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். நான் இதைச் சொல்லிவிட்டு, அப்படியென்றால் கிருமிநாசினியை நிறைய ஊற்றினால் பிரச்சினை தீர்ந்தது என்று கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன்.

“தெளிஞ்சிருக்கு, சரி. மருந்து வெளிய வருமா?” என்றார் சார்.

அந்தக் கேள்விக்காக அடுத்த நாள் முழுக்கப் போனது. சின்ன மூலக்கூறுகள் மட்டும் கசிந்து வெளியேறுகிற செலஃபேன் பை ஒன்றில் வெறும் மருந்துக் கரைசலையும், இன்னொன்றில் கலங்கித் தெளிந்த கரைசலையும் ஊற்றிக் கட்டி, தனித்தனித் தண்ணீரில் தொங்கவிட்டேன். முதல் பையிலிருந்து மருந்து வெளித் தண்ணீருக்கு வந்துகொண்டே இருந்தது. இரண்டாவதிலிருந்து அரைகுறையாகத்தான் வந்தது. உருண்டைகள் பிடித்ததை விடவில்லை. பை என்பது தோல் இல்லை, தோலில் என்ன நடக்கும் என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியாது. ஆனால் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக வேலை செய்கிறது என்று நம்பக் கூடாது என்பது மட்டும் உறுதி. இன்றைக்கும் என் மண்டைக்குள் நிற்கிற பாடம் அது.

அறிக்கை எழுதினோம். சரக்கு எங்களுடையது, தரமானது, கடைக்காரர் மேல் குற்றமில்லை, கிருமிநாசினி பட்ட தோலைக் கழுவிய பிறகே தடவ வேண்டும் என்று டியூபில் ஒரு வரி போட வேண்டும். விற்பனை மேலாளர் வந்தார். கிருமிநாசினி அது இது என்று வெளியே சொன்னால் ஜெல்லையே வாங்க மாட்டார்கள், கடைக்காரர் சரக்கை வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டார் என்று மாற்றி எழுதுங்கள் என்றார். நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அதற்கு எனக்கு மெமோ கிடைத்தது, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. சார் கத்தவில்லை. மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த அடுத்த பேட்ச் காகிதங்களை மேலாளர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“டியூபுல அந்த வரியைப் போடுங்க. போட்ட பொறவு நான் கையெழுத்துப் போடுதேன்.”

மேலாளர் முதலாளி வரைக்கும் போனார். சரக்கு கிடங்கில் நின்றது. வரி வந்தது. புகார் கடிதமும் போகாமல் நின்றது. கம்பெனிக்குக் கதை அத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. லைசென்ஸ் தப்பியது அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரியும். தெரு அவரைக் கள்ள மருந்துக்காரராகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சாரிடம் சொன்னேன். அது லேப் வேலையா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, போவோம்” என்றார்.

வள்ளம் வந்து ஆள்கள் தெருவுக்குள் வருகிற நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனோம். சூசையை நான் கூப்பிட்டேன். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சார் கடைப் படியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். ஒரு கையில் மஞ்சள் தண்ணீரைத் தடவிக் காயவிட்டார். மறு கையை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தார். அண்ணாச்சியிடம் சீல் உடைக்காத டியூப் ஒன்று வாங்கி, எல்லார் முன்னாலும் உடைத்து, இரண்டு கையிலும் தேய்த்தார். ஒன்றில் திரிந்தது. ஒன்றில் திரியவில்லை. இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அண்ணாச்சி கடை அலமாரியைத் துடைக்கிற துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சூசை குனிந்து பார்த்தார்.

“ஒரே டியூபு.”

“ஒரே டியூபு” என்றார் சார்.

“அப்போ இந்த மஞ்சத் தண்ணிதான் கெட்டதா?”

“அதுவும் நல்லதுதான். ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு ரெண்டும் வேலை செய்யாது.”

சூசை தன் முட்டியைப் பார்த்தார். அங்கே ஒரு கிழிசல், சுற்றிச் சிவந்து ஆறாமல் இருந்தது. வலிக்கிறது என்று அதன் ஓரமெல்லாம் ஜெல்லைப் பூசியிருக்கிறார். வலி மருந்து கிருமிநாசினியைப் பிடித்துவைத்திருந்தால், புண்ணுக்குக் காவல் இல்லாமல் போயிருக்கும். அதனால்தான் ஆறவில்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. காயத்தில் ஜெல் பூசவே கூடாது, கிருமிநாசினி காயத்துக்கு, ஜெல் காயமில்லாத இடத்துக்கு, நடுவில் நல்ல தண்ணீர், முட்டியை டாக்டரிடம் காட்டு என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். வள்ளக்காரரிடம் இன்னொரு கேன் தண்ணீர் கேளுங்கள், தரவில்லை என்றால் நான் வந்து பேசுகிறேன் என்றும் சொன்னேன். நீங்க பேசினா அவர் வள்ளத்தையே வித்துருவார் என்று யாரோ சொன்னார்கள்.

சூசை சிரிக்கவில்லை. தெருவே கேட்கப் பேசினவர், இப்போது அதே தெரு பார்த்துக்கொண்டிருந்தது. மன்னிப்பு கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளில் இருந்து இறக்கினார். கடைப் படியில், அண்ணாச்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, கழுவிட்டு நீங்களே போட்டுவிடுங்க.”

அண்ணாச்சி உள்ளே போய், தான் குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை எடுத்து வந்தார். தோளைக் கழுவினார். தன் துண்டால் ஒற்றினார். டியூபைப் பிதுக்கி வைத்து, மெதுவாகத் தேய்த்தார். நான் எட்டிப் பார்த்தேன், சாரும் எட்டிப் பார்த்தார். தோல் பளபளவென்று இருந்தது, ஒரு துகள் இல்லை.

கூட்டத்தில் இருந்து ஒருத்தர் கேட்டார். “ஏலே சூசை, திரியுதா?”

சூசை திரும்பிப் பார்க்கவில்லை. “ஒண்ணும் திரியல. நல்ல மருந்துதான். தள்ளி நில்லுலே, அண்ணாச்சிக்கு வெளிச்சம் மறைக்கி.”